உணர்ச்சியற்ற உணர்ச்சி வாக்கியங்கள்

"எவ்வளவு விலை?"

"எவ்வளவு விலை!"

இரண்டிலும் சொற்கள் ஒன்றே, எழுத்துகளும் ஒன்றே. தீபாவளிச் சந்தையில் பட்டுப் பாவாடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தாய் முதல் வாக்கியத்தைக் கேட்டால் கடைக்காரர் விலையைச் சொல்வார். அடுத்த நொடியே அவர் இரண்டாவதைச் சொன்னால், கடைக்காரர் "உங்களுக்காகப் பத்து வெள்ளி குறைத்துத் தருகிறேன், அக்கா" என்று இறங்கி வருவார். தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாவாடை கிடைக்குமா கிடைக்காதா என்பதையே அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்திலிருந்து அது கணித்துவிடும்.

அதே குழந்தை மறுநாள் பள்ளியில் பயிற்றியைத் திறக்கிறது. 'சரியான நிறுத்தக்குறியை இடுக' என்ற கட்டளையின் கீழ் 'எவ்வளவு விலை' என்ற இரு சொற்கள் மட்டும் கிடக்கின்றன. குழந்தை திகைக்கிறது. பென்சிலின் முனையைக் கடித்துவிட்டுப் பக்கத்து நண்பனின் தாளைப் பார்க்கிறது. தெரியாதது எதுவும் அங்கே இல்லை. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிவிட்டோம் என்பதே என் வாதம்.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் வாக்கிய வகைகள் தொடக்க ஆண்டுகளிலேயே அறிமுகமாகின்றன என்பதை இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செய்தி வாக்கியம், வினா வாக்கியம், கட்டளை வாக்கியம், விழைவு வாக்கியம், உணர்ச்சி வாக்கியம் என நாம் அனைவரும் வரிசையாக ஒப்பித்தவர்கள்தாம். இவற்றுள் முதல் நான்கும் ஓரளவு ஒழுங்காகவே கற்பிக்கப்படுகின்றன. வினாவுக்கு விடை உண்டு. கட்டளைக்குச் செயல் உண்டு. வகுப்பறையில் ஆசிரியர் நாள்தோறும் கேள்வி கேட்கிறார், கட்டளையிடுகிறார். ஆகவே அவ்வாக்கியங்களுக்கு அங்கே உயிர் இருக்கிறது. உணர்ச்சி வாக்கியம் மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதைக் கற்பிக்கும் அரை மணி நேரத்தில் வகுப்பில் யாரும் எதற்கும் வியப்பதில்லை, அஞ்சுவதில்லை, அலறுவதில்லை. அப்படி யாராவது அலறினால் "சத்தம் போடாதே" என்கிறோம்.

பிறகு என்ன நடக்கிறது? ஒரு வாய்பாடு பிறக்கிறது. முதலில் 'ஆஹா' அல்லது 'ஐயோ' போடு. பக்கத்தில் உணர்ச்சிக்குறி இடு. பின் 'எவ்வளவு' என்று தொடங்கு. இறுதியில் மீண்டும் உணர்ச்சிக்குறி இடு. 'ஆஹா! எவ்வளவு அழகான மலர்!' என்பது இந்த வாய்பாட்டின் நிரந்தர எடுத்துக்காட்டு. இந்த மலரை மூன்று தலைமுறையாக நாம் பறித்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் வாடவில்லை! எனது இரண்டாம் ஆண்டு வகுப்பில் வாய்பாட்டை மிக நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு மாணவன், படத்தைப் பார்த்து இப்படி எழுதினான்: 'ஆஹா! பாட்டி கீழே விழுந்துவிட்டார்!' குறிகள் இரண்டும் சரியான இடத்தில் இருந்தன. பயிற்றியின் புள்ளி முறைப்படி பார்த்தால் அவனுக்குக் குறை வைக்க இடமில்லை. ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி எல்லாரும் சிரித்தோம். ஆனால், அந்தச் சிறுவன் தன் சொந்தப் பாட்டி விழுந்தால் 'ஆஹா' என்று கூவுவானா? அவனுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. பயிற்றியில் எழுதும் தமிழுக்கும் தன் வாயில் இருக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை என்று அவன் முடிவு செய்துவிட்டான், அவ்வளவுதான். ஏழு வயதில் எடுக்கப்படும் இந்த முடிவைத்தான் நான் அஞ்சுகிறேன்.

இங்கே சற்று இலக்கணத்தின் பக்கம் திரும்புவது நல்லது.

நிறுத்தக்குறிகள் தமிழின் பழஞ்சொத்து அல்ல. ஓலைச்சுவடிகளில் உணர்ச்சிக்குறியும் இல்லை, வினாக்குறியும் இல்லை. அவை ஐரோப்பியரின் அச்சுக்கலையோடு நம்மிடம் வந்து சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றை உரைநடையில் முறையாகக் கையாண்ட முன்னோடியாக ஆறுமுக நாவலர் போற்றப்படுகிறார். குழந்தைகளுக்காகப் பாலபாடம் எழுதியவரும் அவரே என்பது இங்கு நினைக்கத்தக்கது. குறிகள் வந்தது நன்மையே. அவற்றை வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவள் அல்லள் நான். ஆனால், அக்குறி வருவதற்கு முன்பும் தமிழர்கள் அழுதார்கள், வியந்தார்கள், வெகுண்டார்கள். அவற்றை எழுதியும் வைத்தார்கள். குறியில்லாமல் அதை எப்படிச் செய்தார்கள்?

சொல்லுக்குள்ளேயே செய்தார்கள். 'மழை வந்துவிட்டது' என்பது செய்தி. அதன் ஈற்றில் ஓர் ஏகாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்: 'மழை வந்துவிட்டதே!' இப்போது சொல்பவரின் முகம் தெரிகிறது. கொடியில் துணி காய்கிறது, அல்லது விளையாட்டுப் போட்டி நின்றுபோகிறது, அல்லது பல நாள் வெயிலுக்குப் பின் நிலம் குளிர்கிறது. ஒரே ஓர் எழுத்து ஒரு செய்தியை ஒரு மனிதரின் பேச்சாக மாற்றிவிடுகிறது. ஓகாரமும் அப்படித்தான். 'கூட்டம்' என்பது பெயர்ச்சொல். 'கூட்டமோ கூட்டம்' என்றால் பத்துமலைத் தைப்பூசம் கண்முன் வந்து நிற்கும். ஓகாரத்திற்கு எட்டுப் பொருள் கூறும் நன்னூல், கழிந்துபோனதற்கு இரங்கும் 'கழிவு' என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 'இவ்வளவு பெரிய மீனா!' என்பதில் வினா எழுத்தாகிய ஆகாரமே வியப்பைச் சுமக்கிறது. 'பாம்பு பாம்பு' என்ற அடுக்கில் அச்சம் இருக்கிறது. ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கி வரும் என்று நன்னூல் எல்லையே வகுத்திருக்கிறது. வாக்கியத்தின் வரிசையைப் புரட்டிப்போட்டாலும் போதும்: 'அண்ணன் வந்துவிட்டான்' என்பது தகவல், 'வந்துவிட்டான் அண்ணன்!' என்பது வாசலை நோக்கி ஓடும் தங்கை.

இவ்வளவு செல்வத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு 'ஆஹா'வையும் ஒரு கோட்டையும் அதன் கீழ் ஒரு புள்ளியையும் மட்டும் குழந்தைக்குக் கொடுக்கிறோம். பாடத்திட்டத்தில் அடுக்குத்தொடர் உண்டு. ஆனால் அது வேறொரு பாடம். அதற்கும் உணர்ச்சி வாக்கியத்திற்கும் உறவு உண்டு என்று குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை. ஒரே வீட்டில் பிறந்தவர்களை வெவ்வேறு அறைகளில் பூட்டி வைத்திருக்கிறோம்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது இன்னொன்று. இந்த ஏ, ஓ, ஆ மூன்றும் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் பொதுவானவை. வீட்டில் 'போச்சே!' என்கிறோம், ஏட்டில் 'போய்விட்டதே!' என்று எழுதுகிறோம். வினைச்சொல் உடை மாற்றிக்கொள்கிறது. ஈற்றிலுள்ள ஏகாரம் மட்டும் மாறவில்லை. 'இவ்ளோ பெரிய மீனா!' என்பதும் 'இவ்வளவு பெரிய மீனா!' என்பதும் அப்படியே. செய்தி வாக்கியத்தில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏழு வயதுக் குழந்தைக்கு மிக அதிகம். 'இருக்கு' என்று சொன்னவனை 'இருக்கின்றது' என்று எழுதவைக்க நாம் படும் பாடு கொஞ்சமன்று. உணர்ச்சி வாக்கியத்தில்தான் ஆற்றின் இரு கரைகளும் மிக நெருங்கி நிற்கின்றன. வீட்டுத் தமிழோடு வந்த குழந்தையைப் பள்ளித் தமிழுக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல இதைவிடக் குறுகிய பாலம் இல்லை. அந்தப் பாலத்தில் நின்றுகொண்டுதான் நாம் நிறுத்தக்குறித் தேர்வு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

பேச்சு வழக்கை வகுப்பறைக்குள் விட்டால் எழுத்துத் தமிழ் கெட்டுவிடும் என்று சிலர் கூறுவர். அந்த அச்சத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. தேர்வுத் தாளில் 'போச்சுடா சாமி' என்று எழுதினால் எந்த ஆசிரியரும் சிவப்பு மையைத்தான் தேடுவார்; நானும் தேடுவேன். ஆனால், வாயில் வருவதை முதலில் வரவிட்டு, பிறகு அதற்கு ஏட்டு உடை அணிவிப்பது வேறு. வாயையே மூடிவிட்டு ஏட்டைத் திறப்பது வேறு. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்ப் பாடத்திட்ட மீள்பார்வைக் குழுவின் அறிக்கை, வகுப்பறையில் திருத்தமான பேச்சுத்தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ் வீட்டை விட்டு மெல்ல வெளியேறும் சூழலில் அவர்கள் எடுத்த முடிவு அது. நம் தமிழ்ப்பள்ளிக் குழந்தைகளில் பலர் இன்னும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். நம் கையில் இருப்பது அவர்கள் தேடிய பொருள். அதை நாம் வகுப்பறைக் கதவுக்கு வெளியே காலணிகளோடு சேர்த்துக் கழற்றி வைக்கச் சொல்கிறோம்.

சென்ற ஆண்டு இரண்டாம் ஆண்டு வகுப்பில் நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பயிற்றியை மூடிவிட்டு, 'பந்து கால்வாயில் விழுந்துவிட்டது' என்று வெண்பலகையில் எழுதினேன். "இதைப் பார்த்தவுடன் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி கை தூக்கி, "யாரோட பந்து, டீச்சர்?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. ஆனால், இப்பாடத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே அதுதான் மிகச் சரியான கேள்வி. பந்து யாருடையது என்று தெரியாமல் எப்படி உணர்ச்சி வரும்? உன் பந்து என்றேன். "ஐயோ, போச்சே!" என்றாள். அடுத்த வகுப்பு மாணவனுடைய பந்து, அவன் நேற்று உன்னை விளையாடச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றேன். "நல்லா வேணும்!" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். தலைமையாசிரியர் புதிதாக வாங்கிக் கொடுத்த பந்து, நீதான் உதைத்தாய் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் மெல்ல, "செத்தேன்!" என்றான். வகுப்பே சிரித்தது. மூன்றையும் பலகையில் எழுதினோம். முதலாவது 'ஐயோ, பந்து போய்விட்டதே!' என்று ஆனது. 'நல்லா வேணும்' என்பதை எழுத்துத் தமிழில் 'நன்றாக வேண்டும்!' என்று எழுதியதும் அவர்களுக்கே பிடிக்கவில்லை. காரம் குறைந்துவிட்டது என்றார்கள். நெடுநேரம் பேசி, 'அவனுக்கு நன்றாக வேண்டும்!' என்று 'அவனுக்கு' சேர்த்தபோது ஒப்புக்கொண்டார்கள். ஏழு, எட்டு வயதுக் குழந்தைகள் ஒரு வாக்கியத்தின் காரத்தைப் பற்றி வாதாடினார்கள் என்பதை இதழாசிரியர் குழு நம்பினால் போதும். உணர்ச்சிக்குறியை எங்கே இடுவது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை; தாமாகவே இட்டுக்கொண்டார்கள். சிலர் மூன்று, நான்கு இட்டார்கள். அதைக் குறைப்பது எளிது.

பயிற்றி வாக்கியங்களின் குறை இதுதான்: அவற்றுக்கு உரிமையாளர் இல்லை. அந்த மலர் யாருடைய தோட்டத்தில் பூத்தது, அந்த வீடு யாருடையது, மயில் ஆடியதை யார் பார்த்தது என்று எதுவும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத வாக்கியத்தில் யார் உணர்ச்சியைப் போட முடியும்?

பெயரைப் பற்றியும் ஒரு சொல். சிலர் இக்குறியை வியப்புக்குறி என்பர். நாம் உணர்ச்சிக்குறி என்கிறோம். நம் பெயரே சிறந்தது என்பேன். வியப்பு உணர்ச்சிகளுள் ஒன்று மட்டுமே. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. வியப்பாகிய மருட்கை அவற்றுள் நான்காவதாக வருகிறது. நம் பயிற்றிகளைப் புரட்டினால் உவகையும் மருட்கையும் அச்சமும் கொஞ்சம் அழுகையும் கிடைக்கும். வெகுளி அநேகமாக இல்லை. குழந்தைகள் கோபப்படலாகாது என்ற நன்னெறி போலும். பெருமிதம் அறவே இல்லை. 'நானே கட்டிய பட்டம்!' என்று ஒரு வாக்கியம் எழுத வைத்தால் என்ன குறைந்துவிடும்? இளிவரலைச் சொல்லவே வேண்டாம். டுரியான் பிடிக்காத ஒரு குழந்தையை டுரியான் கடைமுன் நிறுத்திப் பாருங்கள். 'ச்சீ', 'உவ்வே' தொடங்கி அதன் அகராதி எவ்வளவு பெரியது என்று தெரியும். பிடித்த குழந்தை பக்கத்தில் நின்றால் வாதமே நடக்கும்.

இவ்வளவு ஏன் கவலைப்பட வேண்டும், ஒரு சிறு பாடம்தானே என்று கேட்கலாம். நம் குழந்தைகள் திடுக்கிடும்போது எந்த மொழியில் திடுக்கிடுகிறார்கள் என்று ஒரு நாள் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை ஓரமாக நின்று கேளுங்கள். 'அலாமாக்' கேட்கும். 'வாவ்' கேட்கும். 'ஓ மை காட்' கேட்கும். 'ஐயோ' இன்னும் இருக்கிறது. அதற்கு ஆயுள் கெட்டி. மலாய்ச் சொல் ஒன்று நம் குழந்தையின் வாயில் வருவதில் எனக்கு வருத்தமில்லை. பல மொழி பேசும் நாட்டில் பிறந்த குழந்தை அப்படித்தான் பேசும். என் வருத்தம் வேறு. அடேங்கப்பா, அடடா, அம்மாடி, ஐயையோ, அடக் கடவுளே, அட போங்கள் என்று பாட்டிமார் வாயில் வகைவகையாக இருந்தவை பேரப்பிள்ளைகளின் காதில் விழுகின்றன, வாயில் வருவதில்லை. பள்ளியோ அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. வீட்டிலும் இல்லாமல் பள்ளியிலும் இல்லாமல் ஒரு சொல் எங்கே போய் வாழும்? பிற்காலத்தில் இதே பிள்ளை தமிழில் கதை எழுத உட்காரும்போது, பாத்திரம் திடுக்கிட வேண்டிய இடத்தில் 'என் கண்களை என்னாலேயே நம்ப முடியவில்லை' என்ற மனப்பாடத் தொடரை எடுத்து வைக்கும். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அத்தேர்வுக்காக மனனம் செய்த தொடர்கள் மட்டும் ஓய்வூதியம் பெறாமல் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

நாமும் விதிவிலக்கல்லர். பல்கலைக்கழகத் தமிழ்மொழிக் கழகத்தில் பொறுப்பு வகிக்கும் நாம், தேர்வு முடிவு வெளிவரும் நாளில் புலனத்தில் எந்த மொழியில் கூவுகிறோம் என்பதை அவரவர் கைப்பேசியே சொல்லும். (பாதிப்பேர் மொழியே இல்லாமல் முகக்குறிகளால் கூவுகிறோம், அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

இனி, செய்யக்கூடியது. பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. அதற்காகக் காத்திருக்கத் தேவையுமில்லை. பள்ளி அளவிலான மதிப்பீட்டில் ஆசிரியருக்கு இன்று முன்பைவிடக் கூடுதல் இடம் இருக்கிறது. ஒரு குழந்தை வாக்கியத்தை உரக்கச் சொல்லிக் காட்டுவதையும் அடைவுநிலையாகக் கொள்ளலாம். 'இவ்வளவு பெரிய மீனா' என்பதற்கு ஒருவன் வினாக்குறி இட்டுக் கேள்வியாகவும், இன்னொருத்தி உணர்ச்சிக்குறி இட்டு வியப்பாகவும் படித்தால் இருவருக்கும் சரி என்று போடுவதே நேர்மை. விடைத்தாளில் ஒரு விடைதான் அச்சிடப்பட்டிருக்கிறது என்பது குழந்தையின் தவறன்று. கற்பிக்கும் வரிசையையும் மாற்றலாம். 'எவ்வளவு' என்று தொடங்கும் வாக்கியங்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, குழந்தை முன்பே எழுதப் பழகிய செய்தி வாக்கியங்களை எடுத்து ஏகாரம் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம். 'மணி அடித்துவிட்டது', 'மணி அடித்துவிட்டதே!' இவ்விரண்டையும் சொல்லவைத்து, எந்த மணி என்று கேட்க வேண்டும். ஓய்வு முடிந்த மணிக்கும் பள்ளி விடும் மணிக்கும் ஏகாரத்தின் நீளமே வேறு.

கல்வித் துறையில் பயிலும் தம்பி தங்கையருக்கும், வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சென்று சேவையாற்றும் கழகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் கொண்டுபோகும் பயிற்சித் தாள்கள் பெரும்பாலும் பழைய பயிற்றிகளிலிருந்து எடுக்கப்படுபவை என்பதை நான் அறிவேன். நேரம் இல்லை, தட்டச்சு செய்ய ஆளும் இல்லை. இவ்வாண்டுத் தாளில் அந்த மலரை மட்டும் எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் கால்வாயில் விழுந்த பந்தை வையுங்கள். அது யாருடைய பந்து என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். கீழே குறியிடுவதற்குக் கட்டம் வேண்டாம். இரண்டு கோடுகள் காலியாக விட்டால் போதும்.